எங்க கம்ப்யூட்டர்ல சரியாத்தானே இருக்கு!

எங்கள் தெருவில் எனக்குக் 'கம்ப்யூட்டரம்மா' என்று பெயர். கரண்ட் பில் கட்ட, ரேஷன் கார்டில் பேரனின் பெயரைச் சேர்க்க, ரயிலுக்கு டிக்கெட் எடுக்க என்று யார் வந்தாலும் முகம் கோணாமல் செய்து கொடுப்பேன். ஆனால் என் தொழில் அதுவல்ல. இணையப் பக்கங்கள் தயாரிப்பதுதான் என் தொழில். இருபது வருஷத்துக்கு மேலாகத் திருச்சியில், சமையலறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டே, ஜவுளிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஓகோ, படம் போட்டு, பக்கத்தில் நாலு வரி எழுதுகிற வேலையா?" என்பார்கள். எழுதுவது பாதி நேரம்தான். மீதிப் பாதி, எழுதினது எல்லார் வீட்டுப் பெட்டியிலும், எல்லார் கைப் போனிலும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்பதிலேயே போய்விடும். எழுதினால் தெரியாமல் என்ன என்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கைக்குழந்தைக்காரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று நடுவில் வருகிறது.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் போனில் பார்க்கிற பக்கம், அச்சடித்த பத்திரிகைப் பக்கம் போன்றதல்ல. அச்சகத்தில் ஒரு தடவை அச்சாகிவிட்டால், கும்பகோணத்தில் பிரித்தாலும் கோயமுத்தூரில் பிரித்தாலும் அதே பக்கம், அதே எழுத்து. இணையப் பக்கம் அப்படியில்லை. அது ஒரு சமையல் குறிப்பு மாதிரி. 'இங்கே தலைப்பு, இதன் கீழே படம், இந்தப் பத்தி பச்சை நிறம், இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடு' என்று நாங்கள் எழுதி அனுப்புகிறோம். அதைப் படித்து, சமைத்து, உங்களுக்குப் பரிமாறுவது உங்கள் போனில் இருக்கிற பிரௌசர். க்ரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என்று அதில் பல பேர்.

ஒரே வத்தக்குழம்புக் குறிப்பை நாலு வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். 'ஒரு கரண்டி எண்ணெய்' என்று எழுதியிருந்தால், யார் வீட்டுக் கரண்டி? என் மாமியார் வீட்டுக் கரண்டியில் என் அம்மா வீட்டுக் கரண்டி இரண்டு அடங்கும்! பிரௌசர்களும் அப்படித்தான். தலைப்புக்கு எவ்வளவு பெரிய எழுத்து, பத்திக்கும் பத்திக்கும் எவ்வளவு இடைவெளி என்று நாம் சொல்லாவிட்டால், ஒவ்வொன்றும் தன் வீட்டுக் கரண்டியால் அளக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வலை பிறந்ததே இப்படிப்பட்ட தொல்லையைத் தீர்ப்பதற்காகத்தான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் என்ற பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. பல தேசத்து விஞ்ஞானிகள், பலவிதக் கம்ப்யூட்டர்கள். ஒருத்தர் பெட்டியில் இருப்பதை இன்னொருத்தர் பெட்டியில் படிப்பது பெரும்பாடு. எந்தப் பெட்டியிலும் படிக்கும்படி ஒரு வழி வேண்டும் என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் யோசனை எழுதிக் கொடுத்தார். 1993-ல் சேர்ன் அதை உலகத்துக்கு இலவசமாகவே விட்டுக்கொடுத்தது. எவ்வளவு பெரிய மனசு!

அதற்குப் பிறகுதான் பங்காளிச் சண்டை. 1994-ல் நெட்ஸ்கேப் வந்தது, 1995-ல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வந்தது. இவன் எழுத்தைக் கண்சிமிட்ட வைத்தால் அவன் எழுத்தைக் குறுக்கே ஓட வைத்தான். கண்சிமிட்டல் அங்கே தெரியாது, ஓட்டம் இங்கே தெரியாது. அந்தக் காலத்துப் பக்கங்களின் அடியில் 'இதை இந்தப் பிரௌசரில், 800-க்கு 600 திரையில் பார்த்தால்தான் நன்றாக இருக்கும்' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு, 'எங்க வீட்டு இலையில் பரிமாற வராது, தட்டு நீங்களே கொண்டு வாங்க' என்று சொல்வதுபோல இருக்கும் எனக்கு.

நான் தொழிலுக்கு வந்தது 2001-ல். அந்த வருஷம்தான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆறாவது பதிப்பு வெளிவந்தது. ஏழாவது வருவதற்கு 2006 ஆயிற்று. நடுவில் ஐந்து வருஷம்! ஒரே நோயாளியை ஐந்து வருஷம் பார்த்த டாக்டர் மாதிரி, அதன் வலி, வீக்கம் எல்லாம் எனக்கு அத்துப்படி. அதிலும் அதற்கு முந்தைய ஐந்தாம் பதிப்பு செய்த ஒரு கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆசாரியிடம் அலமாரி செய்யச் சொல்லும்போது அவர் என்ன கேட்பார்? "அம்மா, நீங்க சொல்ற அகலம் உள்ளளவா, வெளியளவா?" அதே கேள்விதான். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதன் அகலம் 300 புள்ளி என்று எழுதுகிறேன். (பிக்ஸல் என்பார்கள், திரையிலுள்ள சின்னச் சின்னப் புள்ளி.) உள்ளே எழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் 20 புள்ளி இடைவெளி, அதற்கு வெளியே இரண்டு பக்கமும் 5 புள்ளி கரை. முறைப்படி 300 என்பது உள்ளளவு. மொத்தக் கட்டம் 350 ஆக வேண்டும். நெட்ஸ்கேப்பின் புதுப் பதிப்புகள் அப்படியே செய்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐந்தோ, 300-ஐ வெளியளவாக எடுத்துக்கொண்டு எழுத்துக்கு 250-தான் விட்டது! இரண்டிலும் ஒரே குறிப்பு. ஒன்றில் கச்சிதமாக உட்காரும் கட்டம், இன்னொன்றில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஜாக்கெட்டுக்குத் தையல் விட்டு அளந்தவளும் விடாமல் அளந்தவளும் ஒரே துணியில் வெட்டின கதைதான்.

ஆறாம் பதிப்பில், பக்கத்தின் தலையில் ஒரு குறிப்பிட்ட வரியை எழுதினால் ஒழுங்காக அளந்தது. எழுதாவிட்டால் பழைய குணம்தான். பிற்பாடு, உள்ளளவா வெளியளவா என்பதை எழுதுகிறவரே சொல்லிவிடலாம் என்று ஏற்பாடு வந்தது. இன்றைக்கு நாங்கள் பெரும்பாலும் வெளியளவையே சொல்கிறோம். அதுதான் சௌகரியம் என்று எல்லாருக்கும் பட்டுவிட்டது. அன்றைக்கு அந்த ஐந்தைத் திட்டாதவர் இல்லை. கடைசியில் அது அளந்த முறைதான் வசதி என்றாகிவிட்டது. என் மாமியார் பக்குவத்தை நான் ஒப்புக்கொண்டதும் இப்படித்தான், பத்து வருஷம் கழித்து! 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது.

நிற்க. இங்கிலீஷ் பக்கங்களுக்கே இந்தப் பாடு என்றால் நம் தமிழுக்கு? அதைக் கேட்காதீர்கள். ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையும் தன் இணையப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அதை முதலில் நம் பெட்டியில் இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்காமல் பார்த்தால் தலையில் கூரையும் பக்கத்தில் கொம்பும் வைத்த அன்னிய எழுத்துகளாக நிற்கும். வெளிநாட்டில் இருந்த என் அண்ணா, அரை டஜன் தமிழ் எழுத்துருவை ஏற்றி வைத்துக்கொண்டு, "ஒரு தாய்மொழிக்கு ஆறு சாவியாம்மா?" என்று கேட்பார். தானாக வந்து இறங்கும் எழுத்துரு என்று ஒன்று வந்தது. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு விதம், எக்ஸ்ப்ளோரருக்கு வேறு விதம். இரண்டையும் செய்து வைக்க வேண்டும்.

யூனிகோட் வந்து அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. உலகத்தில் எந்தப் பெட்டியாக இருந்தாலும் 'அ' என்றால் 2949 என்ற எண், அவ்வளவுதான். தமிழுக்கு 1991-லேயே அதில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டால் போதுமா? 'கோ' என்று எழுத, 'க'வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் காலும் போட வேண்டும் என்ற சூட்சுமம் பெட்டிக்குத் தெரிய வேண்டாமா? விண்டோஸ் 2000-க்குத் தெரிந்தது. பிரௌசிங் சென்டர்களில் இருந்த விண்டோஸ் 98-க்குத் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், நடுவே புள்ளிவட்டம் என்று குடும்பம் பிரிந்து நிற்கும். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதற்குள் கைப்போன் வந்து, பழைய தலைவலி புதிய பெட்டியில் ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது ஆபரா மினி என்ற பிரௌசரில் ஒரு ரகசிய வழி இருந்தது. அதன் உள் அமைப்பில் ஒரு இடத்தை மாற்றினால், தமிழ் எழுத்தையெல்லாம் படமாக வரைந்து அனுப்பிவிடும். எங்கள் தெருவில் எத்தனை போனுக்கு நான் அதைச் செய்து கொடுத்திருப்பேன்!

கைப்போன் இன்னொரு மாற்றமும் கொண்டுவந்தது. அதுவரை திரை அகலமானது, கொஞ்சம் முன்னே பின்னே. 2007-ல் ஐபோன் வந்தபோது, பக்கம் 980 புள்ளி அகலம் என்று தானாகவே வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கி உள்ளங்கையில் காட்டியது. எழுத்து எறும்பு மாதிரி! விரலால் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். 2010-ல் ஈதன் மார்கோட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். திரை எவ்வளவு அகலமோ அதற்குத் தக்கபடி பக்கமே மடிந்து உட்கார வேண்டும் என்றார். மூன்று பத்தியாக இருப்பது சின்னத் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். கூடத்தில் மூன்று வரிசையாகப் பந்தி போடுகிறவர்கள், சின்ன வீட்டில் ஒரே வரிசையாகப் போடுவதில்லையா, அதுதான். இன்றைக்கு எல்லாரும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனிதான் நான் சொல்ல வந்த சங்கதி.

என் தங்கை மகளுக்கு 2023 ஏப்ரலில் பிள்ளை பிறந்தான். பிரசவம் எங்கள் ஊரில் ஒரு நர்ஸிங் ஹோமில். மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டு, புருஷனுக்கு வேலை ஓசூரில் என்பதால் அங்கே போய்விட்டாள். தடுப்பூசி அட்டை தாய்வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிட்டது. பரவாயில்லை, நர்ஸிங் ஹோம் தன் இணையப் பக்கத்திலேயே தடுப்பூசி அட்டவணையைப் போட்டிருந்தது. அதைப் போனில் பார்த்துப் பார்த்து, தேதி தவறாமல் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். கெட்டிக்காரி.

2024 மார்ச்சில் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி வந்தாள். குழந்தைக்குப் பதினோரு மாதம். மடியில் வாங்கிக்கொண்டு, சும்மா கேட்டேன்.

"ஒன்பதாம் மாச ஊசி எங்கேடி போட்டே? ஓசூர்லயா?"

"ஒன்பதாம் மாசமா? பதினாலாவது வாரத்தோட முடிஞ்சுதே பெரியம்மா!"

"யார் சொன்னா?"

"ஆஸ்பத்திரி பக்கத்துலயே போட்டிருக்காங்களே. இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்னு நினைச்சேன்."

போனை நீட்டினாள். பார்த்தேன். இடது ஓரத்தில் ஊசிகளின் பெயர்கள். பக்கத்தில் பிறந்தவுடன், 6 வாரம், 10 வாரம், 14 வாரம். நான்கு பத்தி, சுற்றிலும் அழகாக வெட்டிவிட்ட மாதிரி முடிந்திருந்தது. யார் பார்த்தாலும் முழு அட்டவணை என்றுதான் நினைப்பார்கள்.

என் மேஜைக் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தேன். 14 வாரத்துக்கு அப்பால் 9 மாதம், 16 முதல் 24 மாதம், 5 முதல் 6 வயது என்று இன்னும் மூன்று பத்தி ஜம்மென்று இருந்தன!

அளந்து பார்த்தேன். பெயர்ப் பத்தியையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பத்தி. ஒவ்வொன்றும் 72 புள்ளி, ஆக 576. என் தங்கை மகளின் போன் திரை அகலம் 360. 72-ஐ ஐந்தால் பெருக்குங்கள். சரியாக 360! பெயரும் நாலு பத்தியும் நூல் பிசகாமல் திரையில் அடங்கிவிட்டன. ஒரு எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருந்தால்கூட அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். சரி, பக்கவாட்டில் விரலால் தள்ளினால் மீதி வராதா? வராது. பக்கம் இப்படியும் அப்படியும் ஆடினால் பார்க்க அசிங்கம் என்று, 'திரைக்கு மிஞ்சுவதை மறைத்துவிடு' என்று அதைச் செய்தவர் கட்டளை எழுதியிருந்தார். ஆண்ட்ராய்டு போனில் இருந்த க்ரோம் அதற்குச் சமர்த்தாகக் கீழ்ப்படிந்தது. தங்கை வீட்டுக்காரரிடம் பழைய ஐபோன் ஒன்று இருந்தது. அதன் சஃபாரிக்கு அந்தக் கட்டளையைச் சரியாக மதிக்காத குணம் உண்டு. அதில் விரலால் இழுத்ததும் ஒன்பதாம் மாதம் வந்து நின்றது. கட்டளைக்கு அடங்காத பிரௌசரால்தான் அங்கே நன்மை!

அரசு அட்டவணைப்படி ஒன்பது மாதம் முடிந்ததும் என்னென்ன உண்டு தெரியுமோ? தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி, நிமோனியாவுக்கான பி.சி.வி. மூன்றாவது தவணை, போலியோவுக்கு எஃப்.ஐ.பி.வி. மூன்றாவது தவணை, அதோடு வைட்டமின் 'ஏ' சொட்டு மருந்தின் முதல் வேளை. தட்டம்மை ஊசியை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போட வேண்டும். தவறினாலும் ஐந்து வயது வரை போடலாம்தான். ஆனால் போடாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் குழந்தை கவசம் இல்லாமல் இருக்கிற மாதிரி அல்லவா? தட்டம்மை சாதாரணமாகத் தொற்றுகிற நோயா? இருமல் காற்றிலேயே பரவுவது. என் தங்கை முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பெண்ணோ அழ ஆரம்பித்துவிட்டாள். "உன்மேல் என்னடி தப்பு? போட்டிருந்ததைப் படித்தாய்" என்று தேற்றினேன். அந்தப் புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். செவிலியம்மா அட்டையைப் பார்த்து, "இன்னும் நாள் இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி, எல்லாவற்றையும் போட்டு அனுப்பினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து நாள் குறிக்கிற தாய் இவள் ஒருத்திதானா? நர்ஸிங் ஹோமுக்குப் போன் செய்தேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்க கம்ப்யூட்டர்ல சரியாத்தானே இருக்கு மேடம்?"

இந்த வாக்கியத்தை இருபது வருஷத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆபீஸ் மேஜையில் அகலத் திரை, நல்ல வேகம், அவர் பார்க்கும்போது எட்டுப் பத்தியும் இருக்கின்றன. ஆனால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊசித் தேதி தேடுகிறவள் அந்த மேஜையில் உட்கார்ந்தா பார்க்கிறாள்?

"சார், உங்க கைப்போன்லயே திறந்து பாருங்க. ஒன்பதாம் மாசம் தெரியுதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மேடம், இதை உடனே சரி பண்ண என்ன செய்யணும்?" என்றார். பக்கத்தைச் செய்தவர்கள் வேறு ஊரில் ஒரு கம்பெனி. அவர்களைப் பிடிக்க நாளாகும் என்பதால் நானே செய்து தருகிறேன் என்றேன்.

இரண்டு சாயங்கால வேலை. அட்டவணையை நிமிர்த்தி வைத்தேன். வயதெல்லாம் குறுக்கே போகாமல் மேலிருந்து கீழே இறங்கும்படி. 'பிறந்தவுடன்' என்று தலைப்பு, அதன் கீழே ஊசிகள். பிறகு '6 வாரம்', அதன் கீழே ஊசிகள். கீழ்நோக்கித் தள்ளிப் படிக்க யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மறைக்கிற கட்டளையை எடுத்துவிட்டேன். முடிவில் '5 முதல் 6 வயது' என்ற பகுதிக்குக் கீழே 'அட்டவணை முடிந்தது' என்று ஒரு வரி போட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று தாய்க்கே தெரிந்துவிடும் அல்லவா?

இனி சோதிக்க வேண்டும். என் பீரோவில் புடவைத் தட்டுக்குக் கீழ்த் தட்டு முழுக்கப் பழைய போன்கள். உடைந்தது, பாட்டரி நிற்காதது, பட்டன் போனது என்று. "பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாலும் ஒரு எவர்சில்வர் டவரா கிடைக்கும்" என்பார் என் கணவர். அந்தக் குப்பைதான் எனக்குச் சொத்து! அத்தனையிலும் திறந்து பார்த்தேன். அதோடு நிறுத்துவதில்லை. சாயங்காலம் வாசலில் வந்த பூக்காரம்மாவிடம், "உன் போனைக் கொஞ்சம் தாயேன்" என்றேன்.

திரையில் குறுக்கே ஒரு கீறல். எழுத்தை உள்ளதிலேயே பெரிய அளவாக வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டினவர்கள் பல பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதில் அட்டவணை நன்றாகத் தெரிந்தது. மேலேயிருந்த தலைப்பு மட்டும் நான் தொடாதது, பழைய கம்பெனி வைத்த அமைப்பு. அது இங்கிலீஷ் எழுத்தின் உயரத்துக்கு இவ்வளவு என்று கட்டிப்போட்ட பெட்டி. அதற்குள் நம் எழுத்து எப்படி அடங்கும்? நமக்குத் தலைக்கு மேலே சுழி உண்டு, புள்ளி உண்டு. காலுக்குக் கீழே வளைவு உண்டு. பெரிய எழுத்தில் மேற்பகுதி சீவிப்போயிருந்தது. சுழி போனால் 'கி'யா 'கீ'யா தெரியாது; புள்ளி போனால் 'ம்' என்பது 'ம' ஆகிவிடும். பூக்காரம்மா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தலைய வெட்டி வச்சிருக்காங்க" என்றார். உயரத்தைக் கட்டாமல், எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரட்டும் என்று அந்தக் கம்பெனியின் தலைப்பையும் மாற்றினேன்.

தமிழில் இன்னொரு சங்கடம் நீளமான வார்த்தைகள். இங்கிலீஷில் நாலெழுத்துப் பொத்தானாக வரைந்துவிட்டுத் தமிழில் மொழிபெயர்த்து ஒட்டினால், 'பதிவுசெய்துகொள்ளுங்கள்' என்று வந்து நிற்கும். சின்னத் திரையில் அது உடையாமல் பக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிடும். அதற்காகவே தமிழை எழுத்தாக எழுதாமல் படமாக வரைந்து ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதைக் கண்டாலே கோபம் வரும். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, சிக்னல் மோசமான இடத்தில் படம் இறங்காது, கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லும் கருவி அந்தப் படத்தைப் படிக்க வழியில்லாமல் திண்டாடும்.

சின்னக் குறியீடுகளும் சும்மா விடாது. வேறொரு ஆஸ்பத்திரியின் இங்கிலீஷ் பக்கத்தில் வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யும் விதம் போட்டிருந்தது. அரை என்பதைச் சொல்ல ஒன்றின் கீழ் இரண்டு போட்ட ஒற்றைக் குறியை வைத்திருந்தார்கள். பக்கம் எந்த எழுத்துக் குறியீட்டில் எழுதப்பட்டது என்று தலையில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பிரௌசர் தானாக ஊகிக்கும். ஒன்றில் அரை என்று சரியாகத் தெரிந்தது. இன்னொன்றில் அந்த இடத்தில் கறுப்பு வைரக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி! உப்பு எவ்வளவு? ஒரு ஸ்பூனா, இரண்டா? பச்சைக் குழந்தைக்கு உப்பு கூடினால் ஆபத்து. கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே உத்தமம். அவசரத்துக்கு, கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டின அரை டீஸ்பூன் உப்பு. பார்த்தீர்களா, 'அரை' என்று எழுத்தால் எழுதிவிட்டேன். எந்தப் பிரௌசரும் இதைக் கெடுக்க முடியாது.

இப்போது முன்னைப்போல அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020-லிருந்து எட்ஜும் க்ரோமும் உள்ளே ஒரே இயந்திரம்தான். சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் தனித்தனி. அதனால் சிலர், "க்ரோமில் பார்த்தால் போதும், எல்லாம் பார்த்த மாதிரிதான்" என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் ஒரே கடை மாவு வாங்குகிறார்கள் என்பதற்காக, மற்றவர்கள் வீட்டில் அடுப்பே இல்லை என்று அர்த்தமா?

உங்களுக்குச் சில வழிகள். மருந்து அளவு, ஊசித் தேதி, பரீட்சைத் தேதி, பணம் கட்டும் கடைசி நாள் இப்படி முக்கியமான எதையாவது போனில் பார்த்தால், போனை ஒரு தடவை படுக்கைவசமாகத் திருப்பிப் பாருங்கள். அகலம் கூடும், மறைந்திருக்கும் பத்தி சில சமயம் வெளியே வந்துவிடும். க்ரோமின் மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கிறதே, அதில் 'டெஸ்க்டாப் சைட்' என்று ஒரு இடம் உண்டு. அதைத் தொட்டால் கம்ப்யூட்டரில் தெரிகிற மாதிரி சுருக்கிக் காட்டும். வேறொரு பிரௌசரில் அல்லது வேறொருவர் போனில் திறந்து ஒப்பிடுவது எல்லாவற்றிலும் நிச்சயம். தடுப்பூசிக்கு மட்டும் எந்தப் பக்கத்தையும் நம்பி இருக்க வேண்டாம். அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டுப் பீரோவில் விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

பக்கம் கோணலாகத் தெரிந்தால் பேசாமல் மூடிவிடாமல் அதை நடத்துகிறவர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். 'சரியாகத் தெரியவில்லை' என்று மட்டும் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்குத் திண்டாட்டம். எங்கள் பெட்டியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எந்தப் போன், எந்தப் பிரௌசர், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறீர்களா, எந்த இடத்தில் வெட்டுப்பட்டது, இவ்வளவும் எழுதுங்கள். திரையை அப்படியே படம் எடுத்துக் கூட வைத்தால் இன்னும் நல்லது. எப்படிப் படம் எடுப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், அரை நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவான்.